குழப்படிப் பிள்ளையும் தோட்டத்துக் கணக்கும்

ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலி (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச் சட்டத்தின் கீழ், மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களுக்கென நிர்ணயிக்கப்பட்டு 1929 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நாட்கூலி இது. மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் இம்மூன்று எண்களில் முதலிரண்டைப் பற்றியே அதிகம் பேசுவர். மூன்றாவது எண்ணைப் பற்றிச் சற்றுப் பேச விரும்புகின்றேன்.

காரணம் உண்டு. வகுப்பில் அடங்காத, சக மாணவரை அடிக்கின்ற, பொருட்களை உடைக்கின்ற, சொல் கேளாத சிறாருக்குச் சிகிச்சையும் வழிகாட்டலும் அளிக்க ஆகும் செலவு எவ்வளவு, அதனால் விளையும் நன்மை எவ்வளவு என்று உலகெங்கும் பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்து வருகின்றனர். மருத்துவர்கள் நடத்தைக் கோளாறு என்பார்கள். நமது பேச்சில் இவர்கள் குழப்படிப் பிள்ளைகள். இத்தகைய கணக்கு மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பிறந்த புதுமை எனப் பலர் நினைக்கின்றனர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்துரைமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிள்ளைக்குப் பேரேடு வைத்திருந்தார்கள். எந்தச் செலவை அவர்கள் அதில் எழுதினார்கள், எதை எழுதாமலே விட்டார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துரைக்கு ஒரு கடமையை விதித்தது. தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு ஒரு பாடசாலைக் கட்டடத்தை ஒதுக்கிப் பராமரிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து வந்த, நான் மேலே குறிப்பிட்ட கூலிச் சட்டம், 10 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பத்து வயதில் ஒரு கதவு மூடுகிறது, அதே வயதில் மறு கதவு திறக்கிறது. பாடசாலையின் கடமை முடிகின்ற இடத்தில் 32 சதம் தொடங்குகிறது. சட்டம் இயற்றியோர் இதைத் திட்டமிட்டே செய்தார்களா என்பது வேறு விடயம். நடைமுறையில் விளைந்தது இதுதான்.

இந்த ஏற்பாட்டில் குழப்படிப் பிள்ளைக்கென ஒரு தீர்வு ஏற்கெனவே இருந்தது. ஒரு மண்டபத்தில் ஓர் ஆசிரியர் நான்கைந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு மல்லாடும்போது, அடங்காத ஒருவன் வராமல் நின்றுவிட்டால் ஆசிரியருக்கு நிம்மதி. பெற்றோருக்கு ஒரு கூலி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குச் சில சதங்கள். துரைக்குப் புல் பிடுங்க ஒரு கை. எல்லோருக்கும் இலாபம் தருகின்ற இத்தகைய தீர்வை யார்தான் கேள்வி கேட்பார்கள்? இழந்தவன் ஒருவனே. அவன் இழந்ததை எழுதப் பேரேட்டில் பத்தி இல்லை.

வேலைக்கு அனுப்பும் வயது வரும் வரைக்கும் பிரம்பு. இதற்குச் சட்டத்தின் ஆசீர்வாதமும் இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், குற்றமுறைப் பலாத்காரம் எது என்பதை விளக்க வந்த உதாரணங்களில் ஒன்று, ஆசிரியர் நியாயமான தற்றுணிபுடன் மாணவனை அடிப்பது அக்குற்றம் ஆகாது என்றது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர் நீதிமன்றங்களையும் நன்னடத்தைக் கண்காணிப்பையும் கொண்டுவந்த முற்போக்கான சட்டம். அதிலும் கூட, குற்றம் புரிந்த சிறுவனுக்கு இலேசான பிரம்பால் ஆறு அடி வரை கொடுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. பெற்றார் விரும்பினால் அருகே நின்று பார்க்கலாம்!

தோட்டத்துத் தகப்பன்மார் பிள்ளைகளைக் கடுமையாக அடித்ததற்கு வேறொரு காரணத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை; ஆயினும் நம்புகின்றேன். லயத்துக் காம்பராவும் வேலையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்த காலம் அது. துரை பங்களாவின் பழமரத்தில் ஒரு பையன் கை வைத்தால், கணக்கப்பிள்ளையின் மகனோடு சண்டை போட்டால், பற்றுச்சீட்டு வருவது முழுக் குடும்பத்துக்கும். வேலை போனால் கூரையும் போகும். ஆகவே, துரையின் கண்ணில் படுவதற்கு முன்னர் தகப்பனே அடித்து அடக்கிவிடுவது குடும்பத்துக்கு ஒரு காப்புறுதி. பிரம்பை வெறும் அறியாமை என்று கொழும்பில் இருந்து எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. அந்தத் தகப்பனும் கணக்குப் பார்த்தே அடித்தான்.

பின்னர் நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் தோட்டப் பாடசாலைகளை உரியவாறு எட்டவில்லை. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை வெளியே நின்றன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான், எழுபதுகளின் பிற்பகுதியில் இருந்து, படிப்படியாக அரச பாடசாலைகளாயின. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவி வந்தது. ஜெர்மானிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வந்தார்கள். இவை சாதாரண மாற்றங்கள் அல்ல.

நான் ஆரம்ப வகுப்புப் படித்தது இந்தக் கைமாற்றக் காலத்தில். மூன்றாம் வகுப்பில் எனக்கு அருகே இருந்த ஒருவனை நினைக்கின்றேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டான். பக்கத்தில் உள்ளவனைக் கிள்ளுவான். சிலேட்டைப் பறித்து எறிவான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். திரும்பாததற்குத்தான் அதிகம் அடிபட்டான், அது திமிர் எனக் கொள்ளப்பட்டபடியால். அவனது காதில் எந்நேரமும் சீழ் வடியும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வோம். தோட்டத்து மருந்துச் சாலையில் சொட்டு மருந்து இருந்திருக்கும். யாரும் கூட்டிச் செல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பப்பட்டான். பல ஆண்டுகள் கழித்துச் செய்தியாளனாக அலைந்த நாட்களில் புறக்கோட்டையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவனைக் கண்டேன். வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினான். அவனது குழப்படிக்கு அந்தக் காதுதான் முழுக் காரணம் என்று கூற நான் வைத்தியன் அல்லன். ஆனால் காரணத்தைத் தேடுவதற்குச் சில சதங்களே செலவாகியிருக்கும்.

இனி வெளியுலகக் கணக்குக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஸ்டீபன் ஸ்கொட், மார்ட்டின் நாப் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலண்டனின் உள்நகரப் பகுதியில் 10 வயதில் இனங்காணப்பட்ட 142 பேரை 28 வயது வரை தொடர்ந்து, அவர்களுக்காகப் பொதுப்பணம் எவ்வளவு செலவானது என்று கூட்டிப் பார்த்தார்கள். பிரச்சினை இல்லாத பிள்ளை ஒருவருக்குச் சராசரியாக 7,423 பவுண். ஓரளவு நடத்தைப் பிரச்சினை உள்ளவருக்கு 24,324 பவுண். நடத்தைக் கோளாறு என நிர்ணயிக்கப்பட்டவருக்கு 70,019 பவுண். ஏறத்தாழப் பத்து மடங்கு. இதில் பெரும்பங்கு குற்றச்செயல்களால் வந்தது. அதற்கடுத்து விசேட கல்வி, பராமரிப்பு இல்லங்கள், அரச உதவிப்பணம். வைத்தியச் செலவோ மிகச் சிறியது.

இவ்வாய்வில் என்னை நிறுத்திவைத்தது அந்தக் கடைசி விபரமே. சிகிச்சை அளிக்க வேண்டியது சுகாதாரத் துறை. சிகிச்சையால் மிச்சம் பிடிப்பதோ பொலிசும் சிறைச்சாலையும் கல்வித் திணைக்களமும். ஒருவர் செலவழிக்க மற்றவர் சேமிக்கிறார். செலவழிப்பவரின் புத்தகத்தில் அது என்றும் நட்டமாகவே தெரியும். அதே ஸ்கொட் குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, பெற்றோரைச் சிறு குழுக்களாகக் கூட்டி, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக 13 முதல் 16 வாரங்கள் வழிகாட்டினால் 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் குழப்படி கணிசமாகக் குறைகிறது எனக் காட்டியது. பிள்ளை செய்த நல்லதைக் கண்டு உடனே பாராட்டுவது, கட்டளையைச் சுருக்கமாகவும் அமைதியாகவும் இடுவது, பிள்ளையோடு தினமும் சிறிது நேரம் விளையாடுவது, தவறுக்கு அடியல்லாத, முன்கூட்டிச் சொன்ன விளைவை ஒவ்வொரு முறையும் தவறாது நடைமுறைப்படுத்துவது. மந்திரம் ஏதுமில்லை. ஒரு பிள்ளைக்குச் சில நூறு பவுண் போதும். எழுபதாயிரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது என்ன தொகை?

அமெரிக்காவில் இன்னும் பழைய பரிசோதனை ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளித் திட்டம். வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள். அவர்களில் 58 பேருக்கு மட்டும் தரமான முன்பள்ளியும் ஆசிரியரின் வாராந்த வீட்டு வருகையும். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் குழுவினர் 2010இல் கணித்தபடி, அதில் இட்ட முதலுக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 வீதம் வரை வருவாய் கிடைத்தது. பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளிகள் சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. நிலைத்து நின்றது நடத்தையில் ஏற்பட்ட மாற்றம்தான் என்று அவர்கள் பின்னர் காட்டினார்கள்.

இந்த எண்களை அப்படியே தூக்கி வந்து பொகவந்தலாவையில் இறக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது அரசசார்பற்ற நிறுவனங்களின் அறிக்கைகள் இதைத்தான் செய்கின்றன. இலண்டனில் மிச்சம் இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே குழப்படிப் பிள்ளைக்கு அரசு செலவழிக்கிறது என்பதே. விசேட பாடசாலை, பராமரிப்பு இல்லம், உதவிப்பணம் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆகவே கூட்ட முடிகிறது. இங்கே ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பையனுக்கு அரசின் செலவு பூச்சியம். மூட்டை தூக்குபவனுக்காகக் கல்வி அமைச்சு ஒரு சதமும் இழக்கவில்லை. செலவே இல்லாத இடத்தில் எதை மிச்சம் பிடிப்பது என்று ஒரு நிதி அதிகாரி கேட்டால் புத்தகப்படி அவர் கேட்பது சரி. செலவு முழுவதையும் பையனும் அவனது தாயும் பின்னாளில் அவன் மனைவி பிள்ளைகளும் சுமக்கிறார்கள். அவர்கள் கணக்குப் புத்தகம் வைத்திருப்பதில்லை. 1929இல் பேரேட்டில் இல்லாத அதே பத்தி இன்றும் இல்லை.

சிகிச்சையின் செலவும் நம்மிடம் வேறு விதமானது. அரச வைத்தியசாலையில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட ஆதார வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. நுவரெலியாவில் பொது வைத்தியசாலை உண்டு. சிறுவர்க்கான விசேட சிகிச்சைக்குப் பேராதனைக்குப் போகலாம். ஆனால் மஸ்கெலியாவின் மேல் கணக்கில் இருந்து ஒரு தாய் பிள்ளையோடு கிளினிக்குக்குப் புறப்பட்டால் அன்றைய 'பேர்' இல்லை. போதாததற்கு, 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. வருகைக்கான ஊக்கத்தொகை 140 ரூபா. மாதத்தில் வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்தால் மட்டுமே அந்த 140. அதாவது விளிம்பில் நிற்கும் ஒரு தாய்க்குக் கிளினிக்குப் போகும் ஒரு நாள், அந்த நாளின் கூலியை மட்டுமல்ல, அந்த மாதத்தில் அவள் வேலை செய்த ஒவ்வொரு நாளின் 140 ரூபாவையும் சேர்த்துப் பறித்திருக்கும். இலவச வைத்தியம் என்பதை இவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இதைவிட மலிவாகக் கோடாங்கி உண்டு. ஒரு சேவல், ஒரு போத்தல் சாராயம். வேலை முடிந்த பின்னர் லயத்துக்கே வந்து உடுக்கை அடிப்பார். தாய்மாரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு செலவையும் மறைக்கலாகாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் உறங்கி, காலையில் வெறுந்தேநீரோடு மைல் கணக்கில் நடந்து வருகின்ற பிள்ளை பதினொரு மணிக்குச் சிணுங்கினால் அதற்கு நோய்ப் பெயர் சூட்டுவது அநியாயம். மலையகப் பிள்ளைக்கு முத்திரை குத்த நாட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். பசி, பார்வை, காது, தகப்பனின் கசிப்பு, மத்திய கிழக்கில் இருக்கின்ற தாய் ஆகிய இவ்வளவையும் பார்த்த பிறகே கோளாறு என்ற சொல்லை எடுக்க வேண்டும். நல்ல உளமருத்துவர்கள் அவ்வாறுதான் செய்கிறார்கள். அவர்களின் தொகை போதாது என்பதும் உண்மை.

பிரம்பின் கதை என்னாயிற்று? கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்தது. அதே ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கசையடியை ஒழித்தது. ஆனால் 1883இன் அந்த உதாரணம் சட்டக்கோவையில் அப்போதும் இருந்தது. பிரம்பைப் பறித்த அமைச்சு அதனிடத்தில் ஆசிரியரின் கையில் எதையும் கொடுக்கவில்லை. நாற்பது பிள்ளைகளோடு நிற்கின்ற ஓர் ஆசிரியைக்கு, அடிக்காமல் எப்படி அடக்குவது என்பதைக் கற்பிக்கச் சுற்றுநிருபத்தால் முடியுமா? 2017இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக நடத்தப்பட்ட ஆய்வில், வினவப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ 80 வீதமானோர் முந்திய தவணையில் ஒரு முறையேனும் உடல் தண்டனை பெற்றதாகக் கூறினர். இது நாடு முழுவதற்குமான நிலைமையே. தோட்டத்துக்கு மட்டுமான பழி அல்ல.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆசிரியர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட வழக்கு அது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கண்ட நீதிமன்றம், ஆசிரியர் தமது சொந்தப் பணத்தில் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. வழக்கு தென்பகுதியைச் சேர்ந்தது. நமது மலைகளில் இருந்து வெகு தூரம். ஆனால் இலவசமாகவே கருதப்பட்டு வந்த ஓர் அறைக்கு இந்நாட்டில் 650,000 ரூபா என்று ஓர் எண் எழுதப்பட்டதைப் படித்தபோது, நான் புறக்கோட்டையில் கண்டவனின் வலது காதை நினைத்துக்கொண்டேன்.

தோட்டங்களில் நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒன்று பிள்ளைக் காம்பரா. முன்னர் மலையிலேயே மரக்கிளையில் ஏணை கட்டித் தூங்கவிட்ட குழந்தைகளை ஒரு கிழவியின் பொறுப்பில் ஓரிடத்தில் சேர்த்ததுதான் அதன் பிறப்பு. பிள்ளைக்காகக் கட்டப்பட்டதல்ல, கொழுந்தெடுக்கும் தாயின் இரு கைகளையும் விடுவிப்பதற்காகக் கட்டப்பட்டது. தோட்ட வீடமைப்பு, சமூக நலன் நிதியமாக 1992இல் தொடங்கிய அமைப்பு இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றி, பயிற்றப்பட்ட பொறுப்பாளர்களை நியமிக்கப் பாடுபட்டு வருகின்றது. இப்சிலான்டியில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்த ஒன்று இங்கே தோட்டந்தோறும் கூரையோடு நிற்கிறது. பிள்ளையைத் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கின்ற ஒருவர் அங்கே இருக்கிறார். எந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, எது தூங்காமல் வருகிறது, எது அடிபட்டு வருகிறது என்பதை முதலில் அறிபவர் அவரே. அவருக்குக் கிடைக்கின்ற சம்பளமும் மதிப்பும் அந்த அறிவுக்கு ஏற்றவையாக இல்லை.

கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளைப் பல ஆண்டுகள் செய்தியாக்கியிருக்கின்றேன். ரூபா ரூபாவாகப் பேரம் நடக்கும். சம்மேளனத்தார் உற்பத்திச் செலவைக் கூறுவார்கள், தொழிற்சங்கத்தார் அரிசி விலையைக் கூறுவார்கள். பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுசெல்லும் தாயின் நாளைப் பற்றி இரு தரப்பிலும் எவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அந்த நாளுக்குப் பேர் போட்டால் என்ன செலவாகும்? நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானதும் அந்தத் தீர்ப்பு வந்த அதே 2021இல்தான். ஸ்கொட்டின் 16 வார வகுப்பைப் பிள்ளைக் காம்பராவிலேயே நடத்தி, ஒவ்வொரு வாரமும் ஒரு முழுப் பேர் கொடுத்தாலும் ஒரு தாய்க்கு 16,000 ரூபா. ஒரு கன்னத்து அறைக்காகச் செலுத்தப்பட வேண்டியிருந்த 650,000 ரூபாவில் 40 தாய்மாருக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுத்து முடித்து, மீதி 10,000 ரூபாவில் அத்தனை பேருக்கும் தேநீரும் பணிசும் வாங்கியிருக்கலாம்.